மீசைக் கம்பும் வலது கையும்

எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புக் காலில் ஒரு வளையத்தை இறுக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். தன் மாடியில் துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, ஊஞ்சலா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. பாய்மரம்."

அவர் கையிலிருந்த புடவையை உதறாமலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மர்பி டவுனில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவ்வளவு சுலபமாக வாய் அடைத்துப்போகாது. அன்று அக்காவுக்கு அடைத்துப்போனது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. இருபத்தாறு அடி நீளம், பழையது. உள்ளே நான்கு பேர் படுக்கலாம், ஒரு குட்டி அடுப்பு உண்டு. அது நிற்பது உடுப்பிக்கு வடக்கே ஓர் ஆற்றில். நாங்கள் இருப்பது பெங்களூரில். என் கணவர் ராணுவத்தில் இருந்தபோது அல்சூர் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றவர். ஓய்வு பெற்றதும் அவருடைய கூட்டாளிகள் எல்லாம் வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பினார்கள். இவர் படகு வாங்கினார். சொந்தக்காரர்கள் என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள்.

நானும் முதலில் வீடே அதிரக் கத்தினேன். பிறகு ஒருநாள் சுக்கானைப் பிடிக்க என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். இருபத்து மூன்று வருடமாக பீன்யாவில் ஒரு பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். யாரோ செய்ததை எடுத்து அளந்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்வதுதான் என் வேலை. படகில்தான் முதல்முறையாக நானே ஒன்றைச் செய்தேன், அது உடனே நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த கோடைக்கு முன்னால் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கரையோரமாகவே கொச்சி வரை போவதென்று திட்டம். அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று வரும். தெற்கே போகிறவர்களுக்கு வழி முழுக்கக் காற்று முதுகில்தான். கேட்பதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் காற்று பின்னாலிருந்து வரும்போது பெரிய பாய் ஒரு பக்கம் விரிந்து நின்று, முன்னால் இருக்கும் சின்னப் பாய்க்குக் காற்றே போகவிடாது. சின்னப் பாய் தொய்ந்து விழும், திடீரென்று நிமிரும், மறுபடி விழும். படார் படார் என்று அடித்துக்கொண்டே இருக்கும். படகு இப்படியும் அப்படியும் உருளும். அந்தச் சின்னப் பாயின் மூலையை எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்த ஒரு கம்பு வேண்டும். ஒரு முனை பாய்மரத்து வளையத்தில், மறுமுனை பாயின் மூலைக் கயிற்றில். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'விஸ்கர் போல்'; விஸ்கர் என்றால் பூனை மீசை, போல் என்றால் கம்பு. என் கணவர் வைத்த பெயர் மீசைக் கம்பு.

முன்பெல்லாம் ஒரு மூங்கிலை வைத்து அவர்தான் அந்த வேலையைச் சமாளித்துவந்தார். போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி அவருடைய வலது தோள் போயிற்று. உள்ளே தசைநார் பாதி கிழிந்திருந்தது. "கை தோளுக்கு மேல போகவே கூடாது. இன்னொரு தடவை கிழிஞ்சா தைச்சும் பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்தபடி இடது கையால் சுக்கான் பிடிக்கலாம். ஆடும் படகில் முன்தளத்துக்குப் போய்க் கம்பை மாட்டும் வேலை இனி என்னுடையது. மூங்கில் எனக்குக் கனம். எனக்கென்று ஒரு கம்பை நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. இல்லை, என் வேலை புத்தியில் ஏறி உட்கார்ந்தது.

இரண்டு அலுமினியக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே தள்ளினால் ஆறடி, இழுத்தால் பத்தடி. இரண்டு முனையிலும் கொக்கி வாய். சின்னக் கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடிக்கொள்ளும். எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஷெட்டில் லேத் வைத்திருக்கும் தும்கூர் அண்ணன்தான் கடைந்து கொடுத்தார். கொக்கி வாய்க்கும் பாய்மரத்து வளையத்துக்கும் நடுவே இடைவெளியை அடைக்க நைலான் புஷ் ஒன்று போட்டு, இம்மியும் ஆடாமல் செய்யச் சொன்னேன்.

"மேடம், கடல் அந்த்ரே ஆடும் இல்லவா? சொல்ப லூஸ் வைக்கட்டா?" என்றார் அவர், கன்னடமும் தமிழுமாக. கொஞ்சம் ஆட்டம் விடட்டுமா என்று கேட்கிறார்.

"ஆட்டம் இருந்தா ரிஜெக்ட். என்னைப் பத்தித் தெரியும்ல?"

"தெரியும் மேடம்" என்று பெருமூச்சு விட்டு, நான் சொன்ன அளவுக்கே கடைந்தார். என் கையிலிருந்து ரிஜெக்ட் ஆகித் திரும்பிய சரக்கை அவர் பல தடவை வாங்கிப் போயிருக்கிறார். மெட்ரோவில் ஆறடிக் குழாயை ஏற்ற முடியாது என்று காவலர் ஒற்றைக்காலில் நின்றார். ஆட்டோவில் இரண்டு பக்கமும் அரையடி நீட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் திட்டு வாங்கினோம், நானும் ஆட்டோக்காரரும்.

டிசம்பரில் முதல் வெள்ளோட்டம். வலது பக்கம் கம்பை மாட்டினேன், பாயை விரித்தேன். அது விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அடிக்கவில்லை, சுருளவில்லை. படகு நேர்கோட்டில் ஓடியது. "பாத்தீங்களா!" என்று குதித்தேன். அவர் சிரித்தார். படகின் அறைக்கூரையின் பின்விளிம்பில் சாய்ந்து, அவருக்கு முன்னால் நின்று என் கைவேலையை ரசித்துக்கொண்டிருந்தேன். வளையத்தில் ஒரு சத்தம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அழகு.

அப்போது பெரிய அலை ஒன்று பின்னால் வந்தது. படகு வலது பக்கம் உருண்டது. கம்பின் வெளிமுனை தண்ணீரைத் தொட்டது. அந்த நேரத்தில் கம்பு பாய்மரத்து வளையத்தில் மேலும் கீழும் அசைந்து கொடுத்திருக்க வேண்டும். நான்தான் அசைய விடாமல் செய்திருந்தேனே. வளையத்தைப் பாய்மரத்தில் பிடித்திருந்த ரிவெட்டு ஆணிகள் டக், டக் என்று பிய்ந்தன. வளையத்தோடு சேர்ந்து கம்பின் உள்முனை என் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது.

என் முகத்தில் அது படவில்லை. சுக்கானை விட்டுவிட்டு அவர் எழுந்து, என் தலைக்கு மேலே வலது கையை நீட்டிப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் எந்தக் கை என்று இருவருக்கும் உறைத்தது. அவர் முகம் வெளுத்துப் போனது. மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். நான் தாவிப் போய்ச் சுக்கானைப் பிடித்தேன்.

பெங்களூர் திரும்பி ஸ்கேன் எடுத்தோம். "இன்னும் கொஞ்சம்தான் ஒட்டிட்டிருக்கு" என்றார் டாக்டர். அல்சூர் ஏரியோரம் ஆட்டோவில் வரும்போது இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "படகை வித்துடலாம்" என்றார்.

என் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் கோபம். ஆனால் அன்று கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ஆட்டம் வேண்டும் என்று லேத்காரர் சொன்னதைக் கேட்காதவள் நான். பிய்ந்தது என் வேலை, போனது அவர் தோள்.

மூன்று நாளில் வாங்குவதற்கு ஓர் ஆளும் கிடைத்துவிட்டார். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. போட்டோ பார்த்ததுமே ஆசைப்பட்டுவிட்டார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் உறுதியாகச் சொல்லிவிடுங்கள் என்றார். இவர் சரி என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. காலையிலும் டிவி, மதியமும் டிவி. எந்தச் சேனல் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ரிமோட்டை இடது கையில் வைத்துக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருப்பார்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் டிவிக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னால தனியா முடியாதுன்னு நினைக்கிறீங்களா?"

"மறைக்காத, நகரு."

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்னால முடியும். நான் கை நீட்டாம இருக்கத்தான் என்னால முடியாது. நீ அங்க தடுமாறுனா இந்தக் கை தானா போகும். அன்னிக்கும் யோசிச்சா நீட்டுனேன்? அடுத்த தடவையும் நீட்டுவேன். அப்புறம் சோறு கூட நீதான் ஊட்டணும்."

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "அப்போ கை மேல உக்காருங்க!"

"என்னது?"

"வலது கையத் தொடைக்கு அடியில வெச்சு, அது மேல உக்காருங்க. ஸ்கூல்ல சேட்டை பண்ற பசங்கள உக்கார வைப்பாங்கல்ல, அது மாதிரி."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த வெள்ளோட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் சிரிக்கவில்லை. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்றாலும், சொன்ன பிறகு அது சரியென்றே பட்டது. அங்கேயே நின்று ஒப்பந்தம் பேசினேன். பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஒரே ஒரு சோதனை. வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை, கம்பை நான் மாட்ட வேண்டும், பாயை விரிக்க வேண்டும், இறக்க வேண்டும். அவர் இடது கையால் சுக்கான் மட்டும் பிடிப்பார். வலது கை தொடைக்கு அடியில். என்னால் முடியாவிட்டால் படகு போகட்டும். அவர் கை வெளியே வந்தாலும் படகு போகட்டும்.

"அது ரொம்ப கஷ்டம்டி" என்றார்.

"எனக்கு அந்தப் படகு வேணும்ங்க. உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கே வேணும்."

அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், எவ்வளவு வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் லேத் அண்ணனிடம் புஷ்ஷை நீட்டினேன். "இதைத் தூக்கிப் போட்டுட்டு, வாயை நல்லா அகலமா கடைஞ்சு குடுங்கண்ணா. ஆடணும்."

"எஷ்டு, எவ்ளோ ஆடணும் மேடம்?"

"கடகடன்னு ஆடணும்."

அவர் லேத்தை நிறுத்திவிட்டு ஷெட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டார். "ஏய், பன்ரோ இல்லி! மேடம் லூஸ் கேக்கறாங்க!" நாலைந்து பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மானம் போயிற்று. போகட்டும் என்று நானும் சிரித்துவிட்டேன். கடைந்து கொடுத்ததைக் கையில் வாங்கி அசைத்துப் பார்த்தபோது, அந்தக் கடகட சத்தம் பல்லைக் கூசவைத்தது. இருபத்து மூன்று வருடப் பழக்கம் உள்ளே இருந்து ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று கத்தியது. பேசாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்படித்தான் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலுக்கு வளையம் வந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் விடிந்ததும் மாடிக்குப் போவேன். இரும்புக் கால்தான் பாய்மரம், பழைய போர்வைதான் பாய். துணிக் கொடியிலிருந்து தொங்கும் ஒரு கயிறுதான் கம்பைத் தூக்கிப் பிடிக்கும் தூக்குக் கயிறு. கம்பின் வெளிமுனையில் பாய்க்கயிற்றைக் கோர்க்க வேண்டும். தூக்குக் கயிற்றை நடுவில் மாட்ட வேண்டும். கம்பை வெளியே தள்ளி, உள்முனையை வளையத்தில் போட வேண்டும். வலது கை கம்பைத் தாங்கும், இடது கை கொக்கிக் கயிற்றை இழுக்கும். முதல் நாள் நான்கு தடவை கம்பைக் கீழே போட்டேன். என்ன சத்தமென்று கீழ்வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். இரண்டாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டே மாட்டினேன்.

ஒருநாள் அவர் மாடிக்கு வந்தார். பஞ்சர் கடையில் வாங்கிய லாரி ட்யூப் ஒன்றை இடது கையால் உருட்டிக்கொண்டு வந்தார். அதன்மேல் ஒரு பலகையைப் போட்டார்.

"தரை ஆடாது. கடல் ஆடும். இதுல ஏறி நின்னு பண்ணு."

ஏறினேன், விழுந்தேன். மறுபடி ஏறினேன். எதிர்வீட்டு அக்கா தன் மாடியிலிருந்து, "இதுக்கு ஊஞ்சலே பரவால்லம்மா" என்றார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார், நான் விழுந்து விழுந்து எழுந்தேன். பொங்கலுக்குள் பலகைமேல் நின்றபடி, ட்யூப் ஆட ஆட, தப்பில்லாமல் பத்துக்குப் பத்து மாட்டினேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தாவது தடவை தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் இருவருக்குமே ஒரு விஷயம் தோன்றவில்லை. மாடியின் இடது பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய சுவர் தொட்டிக்காலை ஒட்டியபடியே நிற்கிறது. அந்தப் பக்கம் கம்பை நீட்ட இடமே கிடையாது. நான் பயிற்சி செய்ததெல்லாம் வலது பக்கம் மட்டும்தான். பரிசோதகர் என்று பேர். பாதியைத்தான் பரிசோதித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் படகுக்குப் போய், பிய்ந்த வளையத்தைப் புது ஆணிகளோடு பாய்மரத்தில் பொருத்தினேன். சனிக்கிழமை காலை நிலத்திலிருந்து வீசும் இளங்காற்றில் ஆற்றைவிட்டு வெளியே வந்து, கரையோரமாக வடக்கே போனோம். மதியம் எதிர்பார்த்தபடியே வடமேற்குக் காற்று எழுந்தது. தெற்கே திருப்பினோம்.

"உக்காருங்க" என்றேன்.

அவர் சுக்கானை இடது கையில் பிடித்துக்கொண்டு, படகின் வலது ஓரத்துப் பலகை இருக்கையில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். இடுக்கு விட்டுப் பதித்த பழைய தேக்குப் பலகை அது.

பாதுகாப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு முன்னால் போனேன். வலது பக்கம் சுலபமாக முடிந்தது. லாரி ட்யூப் வாழ்க. கம்பு வளையத்தில் கடகடவென்று ஆடியது. படகு உருண்டபோது முனை மேலே போயிற்று, கீழே வந்தது, வளையம் அசைந்து கொடுத்தது. எந்த ஆட்டத்தை ஆயுசு முழுக்க ரிஜெக்ட் செய்தேனோ, அந்த ஆட்டம்தான் ரிவெட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே ஓடினோம். நடுவில் ஒரு தடவை அவர், "கை மரத்துப் போச்சு" என்றார். "பொறுத்துக்கோங்க" என்றேன்.

பிறகு ஆற்றுமுகத்தை நோக்கிக் கிழக்கே திரும்ப வேண்டிய இடம் வந்தது. காற்று ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறும். பெரிய பாய் வலது பக்கம் போகும், கம்பு இடது பக்கம் வர வேண்டும். சின்னப் பாயைச் சுருட்டினேன், கம்பை இறக்கினேன். பெரிய பாயை மறுபக்கம் மாற்றினேன். இதுவரை தப்பில்லை. இடது பக்கத் தளத்தில் நின்று கம்பைக் கையில் எடுத்தேன்.

என் கைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வலது கை எப்போதும் போல் கம்பைத் தாங்கப் போயிற்று. கம்போ இப்போது இடப்பக்கம் நீள வேண்டும். இடது கை கயிற்றைத் தேடியது. கயிறு வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. கைகளை மாற்றினேன். இடது கையில் பலம் இல்லை. ஐயோ, அந்தச் சுவர்! அப்போதுதான் அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. படகு உருண்டது. கம்பின் வெளிமுனை தண்ணீரில் விழுந்தது. ஓடும் படகின் வேகத்தில் அது பின்னால் இழுபட்டு, என் முழங்காலில் மோதி, படகின் இடது ஓரத்தை உரசிக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே போய் முட்டியது. சரியாக, கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

"கைய எடுக்காதீங்க!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே, நழுவும் கம்பைப் பிடிக்கப் பின்பக்கமாக முழுசாகத் திரும்பினேன். அப்போதுதான் அவரைப் பார்த்தேன்.

அவர் எழவில்லை. கம்பின் முனை அவர் முன்னால் தத்தளித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்திருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வலது தோள் மட்டும் தனியாக நடுங்கியது. கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது.

இவரே இப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் கம்பைக் கீழே போடுவதா?

இரண்டு கையாலும் அதை இழுத்துத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். தூக்கியதும் கைகளில் ஏதோ பழக்கப்பட்டது போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். வலது கை கம்பைத் தாங்கிக்கொண்டிருந்தது, இடது கை கொக்கிக் கயிற்றில் இருந்தது. பாய்மரம் என் இடப்பக்கம், கம்பு என் வலப்பக்கம். அடடா! முன்னால் பார்த்து நின்றதுதான் தப்பு. அவரைப் பார்த்துத் திரும்பி நின்றால், இந்தப் பக்கமும் எங்கள் வீட்டு மாடியேதான்.

அதற்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு செய்தேன். பாய்க்கயிற்றைக் கோர்த்தேன். தூக்குக் கயிற்றை மாட்டினேன். கம்பை வெளியே தள்ளினேன். உள்முனை வளையத்தில் டக்கென்று விழுந்தது. மட்டத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டு, முழங்கால் வலியோடு பின்னால் வந்து கயிற்றை இழுத்தேன். சின்னப் பாய் இடது பக்கம் விரிந்து காற்றை வாங்கி நின்றது. படகு இரண்டு பக்கமும் பாயை விரித்துக்கொண்டு ஆற்றுமுகத்தை நோக்கி ஓடியது.

"முழங்கால்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. நீங்க பேசாம உக்காருங்க. இன்னும் இறக்கணும்."

இறக்கினேன். அதையும் அவரைப் பார்த்து நின்றுதான் இறக்கினேன். ஆற்றுக்குள் வந்து, மிதவையில் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்ப எடுக்கலாங்க."

அவர் எடுக்கவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்தேன். "வரல" என்றார். இடுப்பைப் பிடித்து அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தக் கையை நான்தான் வெளியே எடுத்தேன். விரல்களைப் பலகை இடுக்குக்குள் நுழைத்துக் கெட்டியாகப் பிடித்திருந்திருக்கிறார். ஒவ்வொரு விரலாக விடுவிக்க வேண்டியிருந்தது. நான்கு விரல் முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. உள்ளங்கையில் பலகையின் கோடுகள் ஆழமாகப் பதிந்து சிவந்து கிடந்தன.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் திட்டுவது என் வழக்கம். "இப்படியா பிடிப்பாங்க? பாருங்க, தோலே போச்சு. அறிவிருக்கா உங்களுக்கு?"

"நீதான உக்காரச் சொன்ன."

அந்தக் கையை என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வைட்ஃபீல்டுக்காரர்தான். இவர் என்னைப் பார்த்து, "நீயே பேசு" என்றார்.

ஒரு கையால் போனை எடுத்தேன். "சார், மன்னிச்சுக்கோங்க. படகு விக்கிறதில்ல."

"ஏன் மேடம்? ஏதாச்சும் ரிப்பேரா?"

"இல்ல சார்" என்றேன், மடியில் இருந்த கையை விடாமல். "எல்லாம் பாஸ்."